ஜம்ப் கொடுத்தும் கார் கிளம்பவில்லை: புதுப் பேட்டரியா, சார்ஜா, மெக்கானிக்கா?

வேறொரு காரிலிருந்து கேபிள் போட்டுச் சாவியைத் திருப்பியும் இன்ஜின் கிளம்பவில்லை என்றால், சுற்றி நிற்பவர்கள் சொல்லும் தீர்ப்பு பெரும்பாலும் ஒன்றுதான்: "பேட்டரி போய்விட்டது, புதிது போட்டுவிடுங்கள்." இந்தத் தீர்ப்பில் எனக்கு உடன்பாடு இல்லை. ஜம்ப் கொடுப்பது என்றால், நல்ல பேட்டரி ஒன்றைச் சில நிமிடங்களுக்கு இரவல் வாங்குவது. இரவல் மின்சாரம் ஒழுங்காக வந்து சேர்ந்தும் இன்ஜின் சுற்றவில்லை என்றால், சந்தேகம் பேட்டரியை விட்டு வேறு பக்கம் திரும்ப வேண்டும். மின்சாரம் வந்து சேரவே இல்லை என்றால், ஜம்ப் இன்னும் நடக்கவே இல்லை. இரண்டிலும் கடைக்கு ஓட அவசரம் எதுவும் இல்லை. பேட்டரிக்குள்ளேயே ஷார்ட் ஆன செல் ஒன்று இரவல் மின்சாரத்தை விழுங்கிவிடுவது மட்டுமே விதிவிலக்கு. அதையும் கண்டுபிடிக்க வழி இருக்கிறது.

இந்த நிலையில் நமக்கு நான்கு வழிகள் உண்டு. ஜம்ப்பைச் சரியாக மறுபடி செய்து பார்க்கலாம். பேட்டரியைக் கழற்றிச் சார்ஜரில் நிதானமாக ஏற்றலாம். புதுப் பேட்டரி வாங்கலாம். அல்லது ஸ்டார்ட்டர் (இன்ஜினைச் சுற்றிவிடும் மோட்டார்), ஒயரிங் பக்கம் பார்க்கச் சொல்லி மெக்கானிக்கை அழைக்கலாம். எதைத் தேர்ந்தெடுப்பது என்பதைக் காதும், மின்னழுத்தம் அளக்கும் ஒரு மல்டிமீட்டரும் சேர்ந்து சொல்லிவிடும்.

முதலில் காதைத் தீட்டுங்கள்

சாவியைத் திருப்பும்போது 'டக் டக் டக்' என்று வேகமாகத் தட்டும் ஓசை வந்தால், ஸ்டார்ட்டரின் சொலினாய்டு (மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் காந்தச் சுவிட்ச்) இழுக்கிறது, உடனே மின்னழுத்தம் சரிகிறது, பிடி விடுகிறது, மறுபடி இழுக்கிறது. போதிய மின்சாரம் வரவில்லை என்பதன் தெளிவான அறிகுறி இது. ஜம்ப் கேபிள் இணைந்திருக்கும்போதும் இதே ஓசை தொடர்ந்தால் கேபிளையும் கிளாம்பையும் டெர்மினலையும்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

ஒரே ஒரு 'டொக்' கேட்டு அதோடு நின்றுவிட்டால், விளக்குகளைக் கவனியுங்கள். அவை பிரகாசம் குறையாமல் எரிந்தால், சொலினாய்டு தன் வேலையைச் செய்துவிட்டது, ஆனால் மோட்டாருக்கு மின்சாரம் போகவில்லை. உள்ளே இருக்கும் செம்புத் தொடுமுனையோ கார்பன் பிரஷ்ஷோ தேய்ந்திருக்கலாம். விளக்குகள் அணைந்துவிடும் அளவுக்கு மங்கினால் பேட்டரி பலவீனமாக இருக்கலாம். ஸ்டார்ட்டர் இறுகிப்போய் அளவுக்கு மீறி மின்சாரம் இழுக்கவும் செய்யலாம்.

எந்த ஓசையும் இல்லை, விளக்குகள் நன்றாக எரிகின்றன என்றால் ரிலே, ஃபியூஸ், கிளட்ச் அல்லது பிரேக் சுவிட்ச், ஆட்டோமேட்டிக் காரில் கியர் நிலையைக் காட்டும் சுவிட்ச், சரியான சாவி இல்லாவிட்டால் இன்ஜினைத் தடுக்கும் இம்மொபிலைசர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இன்ஜின் வழக்கமான வேகத்தில் சுற்றுகிறது, ஆனால் பற்றிக்கொள்ளவில்லை என்றால் பேட்டரியை மறந்துவிடுங்கள். எரிபொருளோ தீப்பொறியோ சென்சாரோ காரணமாக இருக்கும். எத்தனை முறை ஜம்ப் கொடுத்தாலும் பயன் இல்லை.

மீட்டரை எங்கே வைப்பது?

12 வோல்ட் பேட்டரியில் ஆறு செல்கள் உண்டு. ஒவ்வொன்றும் சுமார் 2.1 வோல்ட் தரும். நன்கு சார்ஜ் ஆகி, சில மணி நேரம் ஓய்வில் இருந்த பேட்டரி 12.6 அல்லது 12.7 வோல்ட் காட்டும். 12.4 என்றால் ஏறக்குறைய முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால் பங்குதான் மிச்சம். அதற்கும் கீழே இறங்கினால் காலி என்றே கொள்ளலாம். இந்த அளவீட்டைக் கேபிள் போடுவதற்கு முன்னால் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. கேபிள் போட்டுக் கழற்றிய உடனே அளந்தால், தகடுகளின் மேற்பரப்பில் மட்டும் ஏறிய சார்ஜ் நம்மை ஏமாற்றும். ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் எரியவிட்டு அணைத்து, சற்றுப் பொறுத்து அளந்தால் உண்மையான எண் வெளிப்படும்.

ஓய்வில் எடுத்த எண்ணை மட்டும் நம்பவும் கூடாது. செல்களை இணைக்கும் பட்டை உள்ளே விட்டுப்போயிருந்தால், பேட்டரி ஓய்வில் 12.5 காட்டிவிட்டு ஹெட்லைட்டைப் போட்டதும் படுத்துவிடும். அதனால் சுமை ஏறும்போது எடுக்கும் எண்ணுக்கே மதிப்பு அதிகம்.

பலரும் செய்யாமல் விடும் சோதனை ஒன்று உண்டு. முடிவெடுக்க அதைவிடச் சிறந்தது இல்லை என்று நினைக்கிறேன். ஜம்ப் கேபிள் இணைந்திருக்கும்போதே, உங்கள் பேட்டரியின் ஈயக் குமிழ்கள் இரண்டின் மேலும் மீட்டர் முனைகளை வைத்துக்கொண்டு, இன்னொருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். எண் 10 வோல்ட்டுக்கு மேலேயே நின்றும் இன்ஜின் சுற்றவில்லை என்றால், மின்சாரம் பேட்டரி வரை வந்துவிட்டது. அதைத் தாண்டி ஸ்டார்ட்டர் வரை உள்ள பாதையிலோ ஸ்டார்ட்டரிலோதான் கோளாறு. 9 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால், கொடுக்கும் கார், கேபிள், உங்கள் பேட்டரி ஆகியவற்றில் ஏதோ ஒன்று கைவிடுகிறது. அல்லது ஸ்டார்ட்டர் வெறிகொண்டு இழுக்கிறது.

அடுத்து மீட்டர் முனையை ஈயக் குமிழிலிருந்து எடுத்து, அதைச் சுற்றி இறுக்கியிருக்கும் கிளாம்பின் மேல் வையுங்கள். இரண்டும் ஒட்டித்தான் இருக்கின்றன; பார்ப்பதற்கு இடைவெளியே தெரியாது. சாவியைத் திருப்பும்போது குமிழில் 11 வோல்ட்டும் கிளாம்பில் 7 வோல்ட்டும் காட்டினால், அந்த 4 வோல்ட்டும் நடுவில் படிந்திருக்கும் மெல்லிய சாம்பல் நிறப் படலத்தில் தொலைகிறது. வெளியே பூத்திருக்கும் வெள்ளைப் பொடியும் நீலப் பொடியும் கண்ணில் படும், ஆனால் உள்வட்டத்தில் இருக்கும் இந்தப் படலம் கழற்றிப் பார்த்தால்தான் தெரியும். மணல்தாளால் குமிழையும் கிளாம்பின் உட்புறத்தையும் பளபளவென்று வரும்வரை தேய்த்து இறுக்கினால் வேலை முடிந்தது. கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது அது கடைசியில்.

மறுபடி ஜம்ப்: எப்போது, எப்படி?

செலவே இல்லாத வழி இது. அதனால் டெர்மினலைச் சுத்தம் செய்த பிறகு ஒருமுறை முயல்வதில் தவறில்லை. ஆனால் பேட்டரி உப்பியிருந்தாலோ, விரிசல் விட்டிருந்தாலோ, அழுகிய முட்டை நாற்றம் வந்தாலோ, குளிரில் உறைந்திருந்தாலோ கேபிளைத் தொடவே கூடாது. இதில் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை. வெடித்தால் முகத்தில் தெறிப்பது அமிலம்.

முதல் முயற்சி தோற்றதற்குப் பெரும்பாலும் கேபிளே காரணமாக இருக்கும். பெட்ரோல் கார் ஒன்றின் ஸ்டார்ட்டர் 100 முதல் 200 ஆம்பியர் வரை இழுக்கும். டீசல் இன்ஜினுக்கு இன்னும் அதிகம். 150 ஆம்பியர் ஓடும் பாதையில் வெறும் 0.02 ஓம் மின்தடை இருந்தாலே 3 வோல்ட் வழியில் காணாமல் போய்விடும். மலிவான கேபிள்கள் வெளியே தடிமனாகத் தெரியும். ரப்பரை நீக்கிப் பார்த்தால் உள்ளே செம்பு மெலிந்திருக்கும், சிலவற்றில் செம்பே இருக்காது, அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசியிருப்பார்கள். சிறிய பெட்ரோல் காருக்குக் குறைந்தது 16 சதுர மில்லிமீட்டர் செம்பு வேண்டும். டீசலுக்கும் பெரிய இன்ஜினுக்கும் 25 வேண்டும்.

இணைக்கும் வரிசையை மாற்றாதீர்கள். சிவப்பு கேபிளை முதலில் உங்கள் காரின் பாசிட்டிவிலும், பிறகு கொடுக்கும் காரின் பாசிட்டிவிலும் மாட்டுங்கள். கறுப்பு கேபிளைக் கொடுக்கும் காரின் நெகட்டிவில் மாட்டி, மறுமுனையை உங்கள் இன்ஜினில் பெயின்ட் இல்லாத கனமான உலோகப் பகுதியில் கவ்வுங்கள். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வெளியேறக்கூடும். கடைசி இணைப்பில் எழும் பொறி அதன் அருகில் இருக்கக் கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு. பாசிட்டிவும் நெகட்டிவும் மாறிப்போனால், ஓடும் இன்ஜினில் பேட்டரிக்குச் சார்ஜ் தரும் ஆல்டர்னேட்டரின் டையோடுகளும் பிரதான ஃபியூஸும் ஒரே நொடியில் போய்விடும். ஏற்கெனவே அப்படி மாற்றி மாட்டியிருந்தால், பேட்டரி ஆராய்ச்சியை நிறுத்திவிட்டு ஃபியூஸைப் பாருங்கள். 24 வோல்ட் லாரியிலிருந்து ஒருபோதும் எடுக்காதீர்கள்.

கேபிள் போட்டதும் சாவியைத் திருப்புவது பலரின் வழக்கம். முழுதும் காலியான பேட்டரிக்கு, கொடுக்கும் காரின் இன்ஜினை ஓடவிட்டு ஐந்து முதல் பத்து நிமிடம் பொறுமையாக இருந்தால் நிலைமை மாறும். கையடக்க ஜம்ப் ஸ்டார்ட்டர் பெட்டி என்றால் இன்னொரு விஷயம் உண்டு. பேட்டரி மிகவும் இறங்கியிருந்தால், அந்தப் பெட்டிகளில் பல அதை அடையாளம் காணாமல் மின்சாரத்தை நிறுத்திவைத்துவிடும். அதற்கென்று உள்ள பொத்தானை அழுத்தினால் வேலை செய்யும்; ஆனால் அப்போது தலைகீழ் இணைப்புக்கான பாதுகாப்பும் பொதுவாக விலகிவிடும் என்பதால் இணைப்பை இருமுறை சரிபார்த்துவிட்டு அழுத்துங்கள்.

இத்தனையும் செய்து கிளம்பவில்லை என்றால் மூன்றாவது முறை வேண்டாம். ஸ்டார்ட்டரைத் தொடர்ந்து இயக்கினால் சூடேறி அதுவும் கெடும்.

சார்ஜரில் ஏற்றுவது: மதிக்கப்படாத நல்ல வழி

இந்த நான்கில் எனக்கு மிகவும் பிடித்த வழி இது. காரணம், சிகிச்சையும் சோதனையும் இதில் ஒன்றாகவே நடக்கின்றன. பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் ஆம்பியர்-மணி அளவில் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டம் என்பது பழைய, நம்பகமான கணக்கு. 45 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு 4.5 ஆம்பியர் வைத்தால் ஏறக்குறைய அரை நாள் ஆகும். காற்றோட்டமான இடமாக இருக்க வேண்டும்.

நிறைந்த பிறகு கேபிள் எதையும் மாட்டாமல் ஓர் இரவு அப்படியே விட்டுவிட்டு அளந்து பாருங்கள். 12.6 நின்றால் பேட்டரி குற்றவாளி அல்ல, பாதிக்கப்பட்ட தரப்பு. விளக்கு எரிந்தபடி இருந்ததா, ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யவில்லையா, நிறுத்தியிருக்கும்போது எதுவோ மின்சாரம் குடிக்கிறதா என்று தேட வேண்டும். எதிலும் இணைக்காமலேயே 12.2க்கு இறங்கியிருந்தால் பேட்டரியின் காலம் முடிந்துவிட்டது.

ஷார்ட் ஆன செல்லும் இங்கேதான் பிடிபடும். ஆறில் ஒரு செல் போனால் மிச்சம் ஐந்து செல். ஐந்து முறை 2.1 என்றால் 10.5 வோல்ட். ஆனால் முழுக்கக் காலியான நல்ல பேட்டரியும் 10.5 காட்டலாம். பல மணி நேரம் சார்ஜ் ஏற்றியும் எண் 11ஐ ஒட்டியே நின்று, பேட்டரி சூடாவது ஒன்றே நடந்தால், செல் போய்விட்டது. சார்ஜரை நிறுத்திவிடுங்கள்.

இந்த வழியின் குறை நேரம்தான். அவசரமாகக் கிளம்ப வேண்டியவருக்கு இது உதவாது. நாள் கணக்கில் காலியாகக் கிடந்த பேட்டரியின் தகடுகளில் ஈய சல்பேட் படிகங்கள் கெட்டித்துப் போயிருக்கும். அதில் ஒரு பகுதிதான் மீளும், முழுக் கொள்ளளவு திரும்பாது. சில ஸ்மார்ட் சார்ஜர்கள் மிகவும் இறங்கிய பேட்டரியைக் கண்டுகொள்ளவே மறுக்கும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும், "எப்படியோ கிளப்பிவிட்டு அரை மணி நேரம் ஓட்டினால் ஏறிவிடும்" என்ற நம்பிக்கையைவிட இது எவ்வளவோ மேல். ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட் செய்யும்போது செலவானதை ஈடுகட்டவே வடிவமைக்கப்பட்டது; வறண்டுபோன பேட்டரியை நிரப்பும் வேலையைக் கொடுத்தால் அது சூடேறும், பேட்டரியும் பாதியில் நிற்கும்.

புதுப் பேட்டரி

மூன்று நிலைகளில் தயங்காமல் வாங்கலாம். முழுச் சார்ஜுக்குப் பிறகும் நிற்கவில்லை என்றால், ஷார்ட் அல்லது உப்பல் உறுதி என்றால், சுமை சோதனையில் தோற்றால். வயதையும் கணக்கில் எடுக்கலாம்: சாதாரண ஈய அமிலப் பேட்டரி மூன்றிலிருந்து ஐந்து ஆண்டுகள் உழைக்கும், வெப்பம் அந்த ஆயுளைக் குறைக்கும். நான்கைந்து ஆண்டு ஆன பேட்டரி ஒருமுறை முழுதும் காலியானால், அதோடு போராடுவதில் பொருள் இல்லை. ஒன்றரை ஆண்டுப் பேட்டரி என்றால் உத்தரவாதச் சீட்டைத் தேடி எடுங்கள். விற்ற கடையிலேயே சோதித்துத் தரக் கேட்கலாம்.

கடையில் கையில் பிடிக்கும் டெஸ்டரை வைத்துச் சில நொடிகளில் "மாற்ற வேண்டும்" என்று சொல்வார்கள். அந்தக் கருவி நல்லதுதான், ஆனால் காலியான பேட்டரியில் அதன் தீர்ப்பு தவறலாம். "சார்ஜ் ஏற்றிவிட்டு மறுபடி பாருங்கள்" என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. மூடி திறக்கும் வகைப் பேட்டரியில், அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் இன்னும் நுணுக்கமாகப் பேசும்: நிறைந்த செல்லில் அடர்த்தி 1.265ஐ ஒட்டி இருக்கும். ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிட 0.050 குறைந்தால் அந்த செல்தான் சிக்கல். மேலே பச்சையாகத் தெரியும் கண்ணாடிக் கண்ணை அதிகம் நம்பாதீர்கள். அது ஆறில் ஒரே ஒரு செல்லின் நிலையைத்தான் காட்டுகிறது.

அவசரமாக வாங்குவதன் ஆபத்து, பழைய நோய் புதுப் பேட்டரியையும் பிடித்துக்கொள்வதுதான். கேபிள் இணைந்திருக்கும்வரை ஓடி, கழற்றியதும் நின்றுபோகும் இன்ஜின், சார்ஜ் செய்யாத ஆல்டர்னேட்டரைக் காட்டிக்கொடுக்கிறது. ஓடும் இன்ஜினில் டெர்மினலில் 13.8 முதல் 14.7 வரை இருக்க வேண்டும், 12.4 காட்டி அங்கிருந்து இறங்கிக்கொண்டே போனால் புதுப் பேட்டரியும் விரைவில் படுத்துவிடும். மின்னழுத்தத்தைக் கணினியே கூட்டிக் குறைக்கும் புதிய கார்களில் எண் அவ்வப்போது ஏறி இறங்கும். அங்கே ஒரே அளவீட்டை வைத்து முடிவு செய்யாமல், விளக்கும் ஏசியும் போட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஓடும் இன்ஜினில் பேட்டரி டெர்மினலைக் கழற்றி ஆல்டர்னேட்டரைச் சோதிக்கும் பழைய பழக்கம் மட்டும் வேண்டாம். அப்போது எழும் மின்னழுத்தப் பாய்ச்சல் காரின் எலக்ட்ரானிக் பெட்டிகளைப் பொசுக்கிவிடும்.

வாங்கும்போது ஆம்பியர்-மணி, குளிர் ஸ்டார்ட் ஆம்பியர் (குளிரில் ஸ்டார்ட் செய்யத் தரக்கூடிய மின்னோட்டம்), டெர்மினல் எந்தப் பக்கம் ஆகிய மூன்றும் பொருந்த வேண்டும். சிக்னலில் தானாக நின்று தானாகக் கிளம்பும் காருக்கு, அடிக்கடி ஸ்டார்ட் செய்வதைத் தாங்கும் ஏஜிஎம் அல்லது ஈஎஃப்பி வகைப் பேட்டரி வேண்டும். ஏஜிஎம் இருந்த இடத்தில் சாதாரணப் பேட்டரி நீடிக்காது. சில கார்களில் புதுப் பேட்டரி வந்ததைக் கணினியிடம் பதிவு செய்யவும் வேண்டும்.

மெக்கானிக்கை அழைக்க வேண்டிய நேரம்

கேபிள் போட்டு எடுத்த எண் 10க்கு மேல் நின்றும் ஸ்டார்ட்டர் அசையவில்லை என்றால், பேட்டரிக்கு இனி ஒரு காசும் செலவழிக்காதீர்கள். அழைப்பதற்கு முன் ஒன்று செய்யலாம். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறு முனையை இன்ஜினின் சுத்தமான உலோகத்திலும் வைத்துச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால், நெகட்டிவை இன்ஜினோடும் காரின் உடலோடும் இணைக்கும் எர்த் பட்டை துருப்பிடித்தோ தளர்ந்தோ இருக்கிறது. சில நிமிட வேலை. ஸ்டார்ட்டரையே மாற்றச் சொல்லும் பில்லிலிருந்து இது உங்களைக் காப்பாற்றலாம். எர்த் நன்றாக இருந்தால், கியரை நியூட்ரலில் வைத்துக் கைப்பிரேக் போட்டுவிட்டு, ஒருவர் சாவியைத் திருப்பும்போது ஸ்டார்ட்டரின் உடலை மரக்கட்டையால் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். அப்போது சுற்றினால் பெரும்பாலும் பிரஷ் தேய்ந்துவிட்டது என்று பொருள். பட்டறைக்குப் போய்ச்சேரும் அளவுக்கு உதவும், அதற்கு மேல் நம்பக் கூடாது.

மேனுவல் கியர் காரைத் தள்ளிக் கிளப்புவது ஸ்டார்ட்டர் பழுதுக்கு ஏற்ற வழி. ஆட்டோமேட்டிக், ஹைப்ரிட் கார்களில் அதற்கு இடமில்லை. ஹைப்ரிடில் 12 வோல்ட் துணைப் பேட்டரி இறங்கினாலும் கார் விழிக்காது. அதற்குச் சிறிய ஜம்ப் போதும், ஆனால் எங்கே கவ்வ வேண்டும் என்பதைக் கையேட்டில் பார்த்த பிறகே தொடுங்கள்.

கார் கிளம்பிய பிறகும் ஒரு வேலை பாக்கி. பேட்டரியும் ஆல்டர்னேட்டரும் நன்றாக இருந்து, நிறுத்திய கார் அடுத்தடுத்த நாளில் மறுபடி இறங்கினால், எதுவோ மின்சாரம் திருடுகிறது. எல்லாக் கதவையும் மூடி, சாவியைக் காரிலிருந்து தள்ளி வைத்து, கணினிகள் உறங்கும்வரை ஒரு மணி நேரம் விடுங்கள். பிறகு நெகட்டிவ் கேபிளைச் சுற்றிக் கிளாம்ப் மீட்டர் போட்டால் 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் இருந்தால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். எதைக் கழற்றும்போது எண் சட்டென்று இறங்குகிறதோ அந்தச் சர்க்யூட்டில் தேடுங்கள். பின்னாளில் பொருத்திய ஆடியோ, கேமரா, டிராக்கர் இவற்றிலிருந்து தொடங்குவது நல்லது.